0.4 மக்கு, 0.6 சுமார்

உங்கள் மகள் பின்னக் கணக்கில் 100-க்கு 48 வாங்கியிருக்கிறாள். வகுப்பு டீச்சரிடம் கேட்டால், "சுமார்தான் சார், வீட்ல இன்னும் கொஞ்சம் கவனிக்கணும்" என்பார். பத்து விநாடியில் வேலை முடிந்தது. செலவு ஒன்றுமில்லை.

இதையே ஆராய்ச்சியாக்க வேண்டுமானால் வழி வேறு. அந்த 48-ஐ மேட்லாப் மென்பொருளுக்குள் தள்ள வேண்டும். 30-ம் அதற்குக் கீழும் என்றால் முழுக்க 'குறைவு'. 60 என்றால் முழுக்க 'நடுத்தரம்'. இடையில் மாட்டிக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கணக்குப் போட்டால் உங்கள் மகள் 0.4 அளவுக்குக் குறைவு, 0.6 அளவுக்கு நடுத்தரம். நம் பாஷையில் சொன்னால், 0.4 மக்கு, 0.6 சுமார். அடுத்து, குறைவுக்கு 25, நடுத்தரத்துக்கு 55 என்று ஆளுக்கொரு மைய எண் வைத்துப் பெருக்கிக் கூட்ட வேண்டும். 10-ம் 33-ம் 43.

48-ஆக உள்ளே போன பிள்ளை 43-ஆக வெளியே வந்திருக்கிறாள். நடுவில் ஐந்து மதிப்பெண்ணைக் காணோம். யாரும் திருடவில்லை. நடுத்தரத்தின் மைய எண்ணை 60 என்று வைத்திருந்தால் 46 வந்திருக்கும். ஏன் 55, ஏன் 60 இல்லை என்று கேட்காதீர்கள். கட்டுரை எழுதியவருக்கு 55 பிடித்திருந்தது.

இந்த வித்தைக்குப் பெயர் ஃபஸ்ஸி லாஜிக். மங்கல் தருக்கம் என்று வைத்துக்கொள்வோம். பாடம் சொல்லிக்கொடுக்கும் கணினி ஒன்றைச் செய்து, அதற்குள் 'மாணவர் மாதிரி' என்று ஒன்றை உட்காரவைத்து, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை மங்கலாக அளந்துகொண்டே போவது இந்தத் துறையின் கனவு. முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கனவாகவே இருக்கிறது. நம் நாட்டில் அது கனவு கூட இல்லை. பதவி உயர்வுக்கான படிக்கட்டு.

சரக்கைக் குறை சொல்ல முடியாது. பாக்குவில் பிறந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லோத்ஃபி ஸாதே 1965-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இது. ஆறடி ஆள் உயரம், அவரைவிட அரை அங்குலம் குறைந்தவர் குட்டை என்று எந்த மடையனும் சொல்லமாட்டான். ஆனால் கணினி சொல்லும். அதற்கு ஆம், இல்லை இரண்டுதான் தெரியும். ஸாதே இரண்டுக்கும் நடுவே இடம் கொடுத்தார். ஒருவர் 'உயரமானவர்கள்' கூட்டத்தில் எவ்வளவு தூரம் சேர்த்தி என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் உறுப்பளவு. அவ்வளவுதான் விஷயம். எளிமையான, நேர்மையான யோசனை. எழுபதுகளில் லண்டனில் இப்ராஹிம் மம்தானி இதை வைத்து ஒரு நீராவி இயந்திரத்தைக் கட்டுப்படுத்திக் காட்டினார். 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் இதை நம்பி ஓடியது. அடுத்தது சலவை இயந்திரம். தொண்ணூறுகளில் நம் வீட்டு டிவி விளம்பரங்களில் இந்தப் பெயர் அடிபட்டது அப்படித்தான். துணி எவ்வளவு கனம், தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று பார்த்து, எத்தனை நிமிடம் சுற்றுவது என்று அது முடிவு செய்யும்.

கவனியுங்கள், ஒரு சலவை இயந்திரம்கூடத் துணியைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. நம் கல்வித்துறைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் லெஸ்கோல்டின் குழு 'ஷெர்லாக்' என்ற கணினிப் பயிற்சியாளரைச் செய்தது. எஃப்-15 போர் விமானத்தின் மின்னணுப் பாகங்களைச் சோதிக்கும் நிலையத்தில் பழுது கண்டுபிடிக்கும் விமானப்படை ஆட்களுக்காக. அதில் 20, 25 மணி நேரம் பயின்றவர், நான்கு ஆண்டு வேலை பார்த்தவர் அளவுக்குத் தேறினார் என்று மதிப்பிட்டார்கள். அதன் இரண்டாவது பதிப்பில், சாண்ட்ரா காட்ஸும் லெஸ்கோல்டும் மற்றவர்களும் மாணவர் மாதிரியை மங்கல் முறையில் அமைத்தார்கள். ஒரு திறமை ஒருவருக்கு 'உண்டு', 'இல்லை' என்று முத்திரை குத்தவில்லை. தெரியவே தெரியாது என்பதிலிருந்து கைவந்த கலை என்பது வரை சில படிகள். அவற்றின்மேல் பரவிக் கிடக்கும் ஒரு கணிப்பு. பயில்பவர் ஒரு கம்பியைச் சரியாகச் சோதித்தால் அது மேலே நகரும். உளறினால் கீழே நகரும். நல்ல வாத்தியார் மனசுக்குள் செய்வதும் இதுதான்.

இதற்கு அவர்கள் கொடுத்த உழைப்பைப் பாருங்கள். எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேலை. அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து எந்தப் பொத்தானைத் தொடுகிறார், ஏன் தொடுகிறார் என்று ஒவ்வோர் அடியாக எழுதி எடுத்தார்கள். காசு கொடுத்தது விமானப்படை. பழுது தெரியாவிட்டால் விமானம் தரையில் நிற்கும். விமானம் நின்றால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பின்னம் வராமல் நின்றால் யார் கேட்கிறார்கள்?

இனி நம்மூர்ச் சமையல் குறிப்பு. உள்ளீடு மூன்று: மதிப்பெண், எடுத்துக்கொண்ட நேரம், கேட்ட உதவிக் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று, உறுப்பளவு ஏறி இறங்குவதைக் காட்டும் மூன்று முக்கோணம் வரையவும். மூன்றை மூன்று முறை பெருக்கினால் 27. ஆகவே 27 விதிகள். 'மதிப்பெண் குறைவு எனில், நேரம் அதிகம் எனில், குறிப்பு அதிகம் எனில், மாணவர் பலவீனம்.' ஆகா, என்ன கண்டுபிடிப்பு! எந்தக் கிராமத்துப் பள்ளி வராந்தாவிலும் எந்த அம்மாவும் சொல்வாள் இதை. ஏன் மூன்றே உள்ளீடு? நான்காவதைச் சேர்த்தால் விதிகள் 81 ஆகும். ஐந்தாவதைச் சேர்த்தால் 243. எழுதக் கை வலிக்கும். ஆகவே பிள்ளை காலையில் சாப்பிட்டாளா என்பது மாதிரிக்குள் வராது. அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கச் சண்டை போட்டாரா என்பதும் வராது. பசிக்கு முக்கோணம் வரைய இடமில்லை.

விதிகளை எழுதியவர் யார்? 'துறை வல்லுநர்' என்று கட்டுரை பணிவோடு சொல்லும். பெரும்பாலும் அவர் பக்கத்து மேசைக்காரர். கணினி சொன்னது சரியா என்று எப்படிப் பார்த்தார்கள்? துறை வல்லுநரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அவர் சொன்னதை எழுதிக்கொடுத்து, அவரிடமே வாசித்துக் காட்டி, அவரிடமே பாராட்டு வாங்கியிருக்கிறார்கள். மாணவர்கள் எத்தனை பேர்? ஒரு வகுப்பு. சில கட்டுரைகளில் இருபது பேர். அந்த இருபது பேரும் பிறகு நன்றாகப் படித்தார்களா? அது 'எதிர்காலப் பணி'. கடைசிப் பத்தியில் பவ்வியமாக நிற்கும்.

எதிர்காலப் பணி வராது. இன்க்ரிமென்ட் வரும். 2010-இல் யூஜிசி ஒரு விதிமுறை கொண்டுவந்தது. பேராசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை. விடுவோமா? பணம் கட்டினால் சில நாளில் அச்சேற்றித் தரும் 'சர்வதேச' ஆய்விதழ்கள் நம் ஊர்ச் சந்துகளில் காளான் மாதிரி முளைத்தன. சர்வதேசத்தில் எந்தத் தேசம் என்று மட்டும் கேட்கக்கூடாது. பாடம் நடத்தத் தெரியாதவர், பாடம் நடத்தும் இயந்திரத்தைப் பற்றி எழுதிப் பேராசிரியர் ஆனார். மாணவரின் அறிவை அளக்கிறேன் என்று கிளம்பியவரின் அறிவை அளக்க யூஜிசி வைத்திருந்த முக்கோணம் ஒன்றுதான்: எத்தனை பக்கம்?

சரி, கட்டுரை கட்டுரையாகவே கிடந்தால் தொல்லை இல்லை. புழுவுக்கும் பசி உண்டு. அதே யோசனை செயலியாகி வீட்டுக்குள் வரும்போதுதான் ஆபத்து.

ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அறை ஒன்று, போன் ஒன்று. அது அப்பாவுடையது. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதில் பின்னக் கணக்குப் பழகுகிறாள். திரையில் 3/4-ம் 1/8-ம் கூட்டச் சொல்லிக் கேள்வி. மேலே கடிகாரம் ஓடுகிறது. பிள்ளை நோட்டை எடுக்கிறாள். வங்கியிலிருந்து ஓடிபி வந்து பாதித் திரையை மறைக்கிறது. தள்ளிவிட்டால், மகளிர் குழுக் கடனைக் கேட்டு ஒரு அழைப்பு. அம்மா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். "நாளைக்குக் கட்டிடறேன் சார், ஒரு நாள் மட்டும் பொறுங்க சார்." திரும்பி வரும்போது நெட் இல்லை. கடிகாரத்துக்கு மட்டும் இருக்கிறது. கடைசியில் பிள்ளை 7/8 என்று சரியாகவே அடிக்கிறாள். இயந்திரம் என்ன எழுதிக்கொண்டது? நேரம்: அதிகம். தன்னம்பிக்கை: குறைவு. இந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கவும்.

கடன்காரனின் அழைப்பு பிள்ளையின் மூளையில் பதிவாகிவிட்டது. தசமப் புள்ளியோடு.

இன்னொரு பிள்ளை அதே கேள்விக்கு 4/12 என்று எழுதுகிறான் என்று வையுங்கள். பக்கத்தில் நிற்கும் டீச்சருக்கு ஒரு பார்வை போதும். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். "டேய், முக்கால் தோசையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அது எப்படிடா முக்காலை விடக் குறையும்?" ஒரு கேள்வி. பையன் தலையைச் சொறிவான், சிரிப்பான், திருத்துவான். தப்புக்குள் ஒரு காரணம் இருக்கிறது என்பது புதுச் செய்தியும் அல்ல. 1978-லேயே ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 'பக்கி' என்ற நிரலில், கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தப்புகளைப் பிரித்து அடுக்கிக் காட்டினார்கள். பிள்ளைகள் கண்டபடி தப்புச் செய்வதில்லை. தப்பான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். அந்த விதியைப் பிடித்தால் மருந்து கிடைக்கும். நம் 27 விதிக்காரர் அதைப் பிடிக்கவில்லை. அவர் சொல்வது, பையன் 0.7 அளவுக்குப் பலவீனம். எங்கே வலி என்று கேட்காத டாக்டர், காய்ச்சல் எவ்வளவு என்பதை மட்டும் இரண்டு தசம இடம் வரை எழுதிக்கொடுத்து ஃபீஸ் வாங்குகிறார்.

விளம்பரத் தாள்களில் ஒரு பெயர் தவறாமல் வரும். பெஞ்சமின் ப்ளூம். தனியாக ஓர் ஆசிரியர் வைத்துப் படித்த சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தினார் என்று 1984-இல் எழுதியவர். அதைக் காட்டித்தான் கணினி ஆசிரியரை விற்கிறார்கள். 2011-இல் கர்ட் வான்லென் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனிதர் தனியாகச் சொல்லிக்கொடுத்தாலும் பலன் ப்ளூம் சொன்னதில் பாதிகூட இல்லை என்று காட்டினார். நல்ல கணினிப் பயிற்சியாளர் மனிதரை நெருங்கிவிடுகிறது என்றும் அதிலேயே சொன்னார். இரண்டும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. முதல் பாதியை எந்த விற்பனைப் பிரதிநிதியும் உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொன்னதில்லை.

தனித்தனிப் பிள்ளைக்குத் தனித்தனிப் பாடம் என்று கூவி விற்றவர்களின் உச்சத்தையும் பார்த்துவிட்டோம். பைஜூஸ் நிறுவனத்தின் மதிப்பு 2022-இல் 22 பில்லியன் டாலர். கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர். கத்தார் கால்பந்து உலகக் கோப்பைக்கு விளம்பரதாரர். அந்த ஆண்டு அக்டோபரில் 2,500 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தார்கள். சில வாரத்தில் மெஸ்ஸியைத் தூதராக அறிவித்தார்கள். பின்னக் கணக்குக்கும் மெஸ்ஸிக்கும் என்ன உறவு என்று யாரும் விளக்கவில்லை. 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய 158 கோடி ரூபாய்க்காகத் திவால் நடவடிக்கை தொடங்கியது. பிள்ளையின் பலவீனத்தைப் பலவீனம் என்று கறாராகச் சொன்ன நிறுவனங்கள், தங்கள் கணக்கு வழக்கில் மட்டும் எத்தனை மங்கல்!

அரசாங்கம் பின்தங்கியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். அங்கேயும் முக்கோணம் வந்தாயிற்று, அழகான தமிழில். தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர். தேசிய அளவில் என்சிஇஆர்டி செய்த முழுமை முன்னேற்ற அட்டையில் ஓடை, மலை, வானம். பிள்ளையைப் பெயில் என்று சொல்லாமல் அரும்பு என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவதும் சரியான யோசனை. பழைய ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் அதைச் செய்தார்கள். தெரியாதவனை முன் வரிசைக்கு இழுத்துப்போட்டார்கள். இப்போது இழுத்துப்போடும் முன் பதிவேற்ற வேண்டும். அரும்பை மொட்டாக்கும் வேலையை விட, அரும்பு அரும்பாகவே இருக்கிறது என்று செயலியில் ஏற்றும் வேலை அதிகம் என்று ஆசிரியர் சங்கங்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப் போயின. கல்வித்துறையின் எமிஸ் தளம் திணறும் மாலை வேளைகளில், டீச்சர் போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுவார். ஓடை, மலை, வானம் என்று பெயர் வைத்தவர் இதைத்தான் பார்த்திருப்பார் போலும்.

இதில் வயிறெரியும் இடம் வேறு. மங்கலாக இருக்க வேண்டிய இடத்தில் நம்மவர்கள் கத்தி மாதிரிக் கறார். கறாராக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பனிமூட்டம்.

பத்தாம் வகுப்பில் 35 வாங்கினால் பாஸ். 34 வாங்கினால் பெயில். ஸாதே அறுபது ஆண்டு முன்பே கண்டித்த கத்தி இதுதான். அந்த ஒரு மதிப்பெண்ணில் ஒருவன் பாலிடெக்னிக்குக்கும் இன்னொருவன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும் போகிறான். 34-க்கும் 35-க்கும் நடுவே மங்கல் தருக்கம் வேண்டும் என்று எந்தக் குழுவும் பரிந்துரைக்கவில்லை. தகுதி என்றால் தகுதி. தரம் என்றால் தரம். ஏழை வீட்டுப் பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் கோடு கல்லில் செதுக்கியது.

முதுநிலை மருத்துவ நீட் தேர்வில் 2023-க்கான தகுதி வரம்பு பொதுப் பிரிவுக்கு 800-க்கு 291. மார்ச்சில் தேர்வு. செப்டம்பரில் பார்த்தால் இடங்கள் காலி. கோடிகள் கேட்கும் இடங்களும் அதில் சேர்த்தி. என்ன செய்தார்கள்? தகுதிச் சதமானத்தை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் ஆக்கினார்கள். தேர்வெழுத வந்து உட்கார்ந்தவர் எல்லோரும் தகுதி பெற்றார்கள். தப்பு விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வு அது. பூஜ்யத்துக்குக் கீழே போனவரும் தகுதிக்கு மேலே வந்துவிட்டார். கல் கோடு ஒரே நாளில் புகையானது. நாற்காலி காலியாக இருந்தால் போதும், தரம் தானாக நெகிழும். இந்த விதியை எழுதிய துறை வல்லுநருக்கு ஏன் இன்னும் பத்ம விருது தரவில்லை என்று தெரியவில்லை.

உறுப்பளவு என்ற கருத்தையும் நம்மவர்கள் ஸாதேயைத் தாண்டி வளர்த்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் 224 பொறியியல் கல்லூரிகளில், 353 ஆசிரியர்களின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருந்தது. சிலர் பெயர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். ஒரே ஆள், ஒரே நேரம், எல்லா இடத்திலும் முழுநேரம். கடவுளுக்கு மட்டுமே இருந்த வசதி. பல்கலைக்கழகம் மறுக்கவில்லை, விசாரணைக் குழு போட்டது. அதற்கு முன்னால் ஆய்வுக்குழு ஆய்வுக்குழுவாகப் போய், பார்த்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டு, அங்கீகாரமும் கொடுத்தாயிற்று. ஒருவர் பத்துக் கல்லூரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் அவர் உறுப்பளவு 0.1. வகுப்பறையில் அது முழு பூஜ்யம். மாணவர் கட்டிய ஃபீஸ் மட்டும் முழு 1. பாதி வாத்தியாருக்குப் பாதி ஃபீஸ் என்று எந்தக் கல்லூரியும் திருப்பித் தந்ததாகச் செய்தி இல்லை. 75 விழுக்காடு வருகை இல்லாத மாணவனைத் தேர்வெழுத விடாத கல்லூரிகள் இவை. வராத மாணவனுக்குக் கோடு உண்டு. வராத வாத்தியாருக்கு வளைவு.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு எண் இருக்கிறது. யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கமே அச்சடித்துத் தந்தது. 2024-25 யூடைஸ் பள்ளிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆசிரியர் ஒரே ஒருவர். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். அதே கணக்கில், ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகள் ஏறத்தாழ 8 ஆயிரம். அவற்றில் ஆசிரியர்கள் 20 ஆயிரத்துக்கும் மேல். மறுபடி படியுங்கள். இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், போதுமான வாத்தியார் இல்லை. அங்கே வாத்தியார் இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. இதைச் சரிசெய்ய மேட்லாப் வேண்டாம். மாறுதல் உத்தரவு வேண்டும். ஒரு பக்கம் டைப் அடித்து, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஒற்றை ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக்கு அவர்தான். ஐந்தாம் வகுப்புக்கும் அவர்தான். மதிய உணவுக் கணக்கும் அவரே. ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவரே. அந்த நேரத்தில் ஐந்து வகுப்பும் சும்மா இருக்கும். தேர்தல் வந்தால் வீடு வீடாகப் போவதும் அவரே. இவருக்கு உதவியாக அரசு என்ன அனுப்பும்? கற்றல் நிலையைத் துல்லியமாகக் கணிக்கும் நுண்ணறிவுப் பலகை. திறப்பு விழாவுக்கு ரிப்பன், கத்தரிக்கோல், ட்ரோன் படம். மின் இணைப்பு அடுத்த நிதியாண்டில். அதுவரை பலகை அட்டைப்பெட்டியில் இருக்கும். பெட்டிமேல் எந்தப் பிள்ளையும் ஏறி உட்காரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் வரும்.

இரண்டாவது ஆசிரியர் எப்போது வருவார்? கேட்டுப் பாருங்கள். டில்லியில் கேட்டாலும், எந்த மாநிலத் தலைமைச் செயலகத்தில் கேட்டாலும், கிடைக்கும் பதில்கள் நமக்கு மனப்பாடம். 'பரிசீலனையில் உள்ளது.' 'ஆவன செய்யப்படும்.' 'நிதி நிலைமைக்கு ஏற்ப.' சொல்லை வைத்துக் கணக்குப் போடலாம் என்று நிரூபிக்க ஸாதே வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டார். நம் அமைச்சர்கள் ஒரு பேட்டியில் முடித்துவிடுகிறார்கள்.

அவற்றில் தலையாயது 'விரைவில்'. இந்தச் சொல்லுக்கு ஓர் உறுப்பளவு வளைவு வரைந்தால் முக்கோணம் அச்சாக வரும். முதல் நான்கு ஆண்டுகள் கோடு தரையோடு தரையாக, பூஜ்யத்தில். ஐந்தாம் ஆண்டு பட்ஜெட்டில் மெல்லத் தலை தூக்கும். தேர்தல் தேதி அறிவிப்புக்கு முந்தைய வாரம், அடிக்கல் நடும்போது, செங்குத்தாக 1-ஐத் தொடும். வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் காலை பழையபடி பூஜ்யம்.